இயந்திரம் சொல்லும் சட்டமும் வக்கீல் இடும் கையெழுத்தும்

கைபேசியில் கேள்வியைத் தட்டினால் நொடிப்பொழுதில் தமிழிலேயே விடை தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. பிள்ளையின் வீட்டுப்பாடத்தை அவற்றிடம் கேட்டவர்கள் இப்போது சட்டத்தையும் கேட்கத் தொடங்கியுள்ளனர். பாகப்பிரிவினை, பட்டா மாறுதல், வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய ஏஜெண்ட், ஜீவனாம்சம் என்று நம் குடும்பங்களை அலைக்கழிக்கும் விவகாரங்கள் எவை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் ஒரு பெண்மணி புதுக்கோட்டையிலுள்ள வக்கீலைக் காண வேண்டுமெனில், அறந்தாங்கி வழியாகச் செல்லும் பேருந்துச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, வக்கீல் கட்டணம் அனைத்தையும் கணக்கிட்டாக வேண்டும். செலவில்லாத இயந்திரத்தின் பக்கம் மனம் சாய்வதில் வியப்பில்லை.

அதை வேண்டாமென்று ஒதுக்குவதற்கில்லை. ஆனால் அது எதுவரை துணைவரும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

கணவர் தலாக் சொல்லிவிட்டார் என்று கூறும் ஒரு சகோதரி, “எனக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா?” என்று செயலியிடம் கேட்பதாகக் கொள்வோம். 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்து, “இத்தா காலத்திற்கு மட்டுமே” என்று அது விடை கூறிவிடக்கூடும். இத்தா முடிவதற்குள் அப்பெண்ணின் எதிர்காலத்திற்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவர் செய்துவிட வேண்டும் என்று 2001-இல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்திற்கு விளக்கமளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் கீழும் விவாகரத்தான முஸ்லிம் பெண் கோரலாம் என்று 2024 ஜூலை 10 அன்று அப்துல் சமது வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள் முன்பே, ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 125 அதில் 144 ஆயிற்று. பழைய ஏடுகளைப் படித்துத் தேறிய இயந்திரம் இன்னும் 125 என்றே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். (இத்தீர்ப்புகளைப் பற்றி நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அது தனி விவாதம். நீதிமன்றத்தில் இன்று எது செல்லும் என்பதே இங்கு நம் பேச்சு.)

இவை தகவல் பிழைகள். நாளடைவில் திருந்திவிடலாம். இதைவிட முக்கியமானது வேறொன்று. அனுபவமுள்ள வக்கீல் அச்சகோதரியிடம் முதலில், “தலாக் எவ்வாறு சொல்லப்பட்டது?” என்றுதான் கேட்பார். ஒரே மூச்சில் மும்முறை சொல்லப்பட்டதாயின், 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி அது செல்லாது. அவ்வாறு சொன்னவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் உண்டு. சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் மனைவியே. தமக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்பூதியம் கோர அவருக்கு உரிமை உண்டு. வழக்கின் போக்கே இங்கு மாறிவிடுகிறது. இயந்திரமோ பெரும்பாலும் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லும் பழக்கமும் அதற்கு உண்டு. 2023-இல் நியூயார்க்கில் இரு வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. நம் நாட்டிலும், பெங்களூரு வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் வழங்கிய ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தமை தெரியவந்து, அவ்வுத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கற்றவர்களே இவ்வாறு ஏமாறினால் நாம் எம்மாத்திரம்?

எனில், இயந்திரத்தின் பயன்தான் என்ன? வக்கீலிடம் செல்வதற்கு முந்தைய வேலைகளுக்கு அது மிக நல்ல உதவியாளர். ஆங்கிலத்தில் வந்த நோட்டீஸைத் தமிழில் விளக்கச் சொல்லலாம். நிகாஹ் நடந்த நாள், தஃப்தரில் எழுதிய மஹர் தொகை, கொடுத்த நகை, பணம் அனுப்பிய ரசீதுகள், பிரிந்த தேதி ஆகியவற்றை வரிசைப்படுத்தி ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லலாம். வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுக்கச் சொல்லலாம். ஒரு மணி நேரம் அழுது புலம்பிச் சொல்ல வேண்டியதை அத்தாளைக் கொண்டு வக்கீல் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார். ஆயினும் பெயர், ஆதார் எண், முகவரி ஆகியவற்றைச் செயலியில் இட வேண்டாம். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாதென்று வக்கீலைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இயந்திரத்திற்கு அக்கட்டுப்பாடு இல்லை.

அந்த வக்கீலுக்குக் கட்டணம் எங்கே போவது என்று கேட்பீர்கள். 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் இலவசமாக வக்கீலை ஏற்பாடு செய்து தருகிறது. பெண்ணாயிருப்பதே போதும், வருமானம் பார்ப்பதில்லை. நீதிமன்றக் கட்டணமும் இதில் அடங்கும். புதுக்கோட்டை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தாலே போதுமானது. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். இவ்வளவு இருந்தும் நம்மில் பலர் கடன் வாங்கி வக்கீல் வைப்பது வேதனைக்குரியது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தும்படி ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதலாம். முகாம் நாளுக்கு முன்பே, கைபேசி கையாளத் தெரிந்த படித்த பெண்பிள்ளைகள் இருவர் அமர்ந்து, வருவோரின் விவரங்களை மேற்சொன்னவாறு ஒரு பக்கத் தாளாக்கி வைத்தால், வந்த வக்கீல் ஒரு பிற்பகலில் பலருடைய விவகாரத்தைப் பார்த்துவிட இயலும்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் ஏற்கனவே வந்துவிட்டதாயின் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். செயலியிடம் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதில் எழுதியுள்ள வாய்தா தேதியில் எவரும் ஆஜராகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடக்கூடும். சம்மனையும் தஃப்தர் நகலையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு மறுநாளே ஆணைக்குழு அலுவலகத்திற்குப் புறப்படுங்கள்.