சிறு வணிகப் பதிவும் முகவரும்: யாரை நம்பிக் கையொப்பமிடுவது?

ஐம்பத்தைந்து வயதை எட்டும் தோட்டத் தொழிலாளர் பலருக்கு, ஊழியர் சேமநிதியிலிருந்து வரும் தொகையே வாழ்நாளில் ஒரே தடவையாகக் கையில் சேரும் பெரும்பணம் ஆகும். அதில் ஒரு பகுதியை முதலாக வைத்து ஒரு மளிகைக் கடையோ, தையற் கடையோ, சாலையோர உணவு வண்டியோ தொடங்கலாம் என்னும் எண்ணம் எழுவது இயற்கை. வேலையில் இருப்போரிடையேயும், மாலை வேளையில் இல்லத்தரசியார் அரைத்து விற்கும் தோசை மாவு, நாளடைவில் பக்கத்துப் பட்டணத்துக் கடைகள் வரை செல்வதை நாம் காண்கிறோம். வணிகம் சிறிது வளர்ந்தவுடன் ‘பதிவு செய்ய வேண்டும்’ என்னும் பேச்சு வருகிறது. அதற்கு அடுத்த பேச்சு, ‘எனக்குத் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் இருக்கிறார்’ என்பதாகும்.

அந்த ஏஜெண்டு தேவைதானா, தேவையெனில் அவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது.

பாரம் நிரப்புவதென்றால் பிறரை நாடுவது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். ஆபீசில் கிராணியார் எழுதிக் கொடுத்தார். பட்டணத்தில் அலுவலக வாசலில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருந்த மனு எழுதுபவர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் செய்தது நற்பணியே. ஆயினும் எழுதியதில் என்ன இருக்கிறது என்பதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் பெருவிரல் ரேகை வைத்த வழக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. இன்று ரேகைக்குப் பதில் கையொப்பம் வந்துவிட்டது. வழக்கம் மட்டும் முற்றாக மறையவில்லை.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் நடப்பில் உள்ளது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு முறை உண்டு. இச்சட்டப்படி, வணிகம் தொடங்கிய 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் நடத்துவோருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. முன்னாளில் வணிகப் பதிவகம் எனத் தனியே இயங்கிய அலுவலகம், 2002ஆம் ஆண்டு நிறுவனப் பதிவகத்துடன் இணைக்கப்பட்டு, எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம் ஆயிற்று. ஈப்போ, சிரம்பான், மூவார் முதலிய பல ஊர்களில் அதற்குக் கிளைகள் உள்ளன.

ஒருவர் தனியாக நடத்தும் வணிகத்திற்கோ, இருவர் முதல் இருபதின்மர் வரை சேர்ந்து நடத்தும் கூட்டு வணிகத்திற்கோ முகவர் எவரையும் நியமிக்க வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. உரிமையாளர் 18 வயது நிரம்பியவராகவும், குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதுமானது. ஆகவே சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் பெரியவர்களும் தம் பெயரிலேயே பதியலாம். ‘உங்களால் முடியாது, என் பெயரில் பதிந்து வைக்கிறேன்’ என்று எவரேனும் கூறினால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. பிறர் பெயரில் பதிந்த கடை ஏட்டளவில் பிறருடைய கடையே.

கட்டணமும் பெரிதன்று. அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே கடை நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்’ என்பது போல் வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒரே தடவையில் பதிந்து கொள்ளலாம். அடையாள அட்டையுடன் கிளை முகப்பிற்குச் சென்று ‘பாரம் ஏ’யை நிரப்பிக் கொடுக்கலாம், ‘இஸ்பிஸ்’ எனப்படும் ஆணையத்தின் இணையச் சேவை வழியாகவும் செய்யலாம். பதிவுச் சான்றிதழ் ‘பாரம் டி’ எனப்படும். அதைக் கடையில் பலர் காணும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் அறிந்த பின்னரும், பட்டணத்திற்குச் சென்றுவர ஒருநாள் சம்பளம் போகிறதே, மலாய்ப் பாரத்தைப் படிப்பது கடினமாயிற்றே என்று சிலர் முகவரை நாடலாம். அது தவறன்று. அவ்வாறு நாடுவோர் இரண்டு தொகைகளைப் பிரித்தறிதல் வேண்டும்: ஒன்று ஆணையத்திற்குச் செல்லும் கட்டணம், மற்றொன்று முகவரின் கூலி. 60 வெள்ளிப் பதிவுக்கு முந்நூறு வெள்ளி கேட்கப்பட்டால் எஞ்சிய 240 வெள்ளி எதற்கு என வினவுவதில் கூச்சம் கூடாது. ஆணையத்தின் அசல் ரசீதையும் முகவரின் ரசீதையும் தனித்தனியே பெற்றுக் கொள்ளுங்கள். முதல் ரசீதைக் காட்ட இயலாதவரிடம் அடையாள அட்டையின் நகலையும் ஒப்படைக்காதிருப்பதே நலம்.

இணையக் கணக்கு திறக்கப்படும்போது அதில் எவருடைய தொலைபேசி எண், எவருடைய மின்னஞ்சல் பதியப்படுகிறது என்பதைப் பாருங்கள். வேலையை விரைந்து முடிக்கும் பொருட்டு முகவர் தம்முடையதையே பதிந்து விட்டால், பின்னர் வரும் அறிவிப்புகள் யாவும் அவருக்கே செல்லும். அவர் தொழிலை விட்டுப் போய்விட்டாலோ, கடைக்காரருக்கு எதுவும் தெரியாமலேயே பதிவு காலாவதியாகும். மின்னஞ்சல் இல்லையே எனில், படித்த மகனோ மகளோ ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுப்பர். மறைச்சொல்லை வீட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். முகவரிடம் மட்டும் இருக்கும்படி விடாதீர்கள்.

முகவரியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. வணிகப் பதிவில் கொடுக்கப்படும் முகவரிக்கே அரசாங்கக் கடிதங்கள் வரும். தோட்ட லயத்தில் வசிப்போருக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறியே வீடு சேரும். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், பழைய முகவரிக்கு வரும் கடிதத்தை யார் கொண்டு வந்து தருவர்? தோட்டம் கைமாறி, ரப்பர் அழிந்து செம்பனையாகி, லயமே இல்லாமற் போன இடங்களும் உண்டு. மேலும், தோட்ட நிலத்தில் கடை நடத்துவதாயின் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுவது பாதுகாப்பு. ஆகவே, நீண்ட நாள் நிலைத்திருக்கும் முகவரி ஒன்றைத் தேர்ந்து கொடுப்பது முதற்கடமை. இடம் மாறினால் 30 நாட்களுக்குள் ‘பாரம் பி’ வழியாக அறிவிக்க வேண்டும். முகவர் தம் அலுவலக முகவரியை இடுவதாகச் சொன்னால், அவர் கடிதங்களை எத்தனை நாளில் நம்மிடம் சேர்ப்பார், சேர்த்ததற்கு என்ன சான்று தருவார் என்பதை முன்னரே பேசி எழுதிக் கொள்வது அவசியம்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததுடன் யாவும் முடிந்ததாக எண்ணிவிடலாகாது. கடைக்கான உரிமத்தை மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோதான் வழங்கும். இரண்டும் வெவ்வேறு.

இனி, ‘செண்டிரியான் பெர்ஹாட்’ எனப்படும் தனியார் நிறுவனம் அமைப்போருக்கு நிலைமை முற்றிலும் வேறு. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31ஆம் நாள் நடப்புக்கு வந்தபின், ஒருவரே உறுப்பினராகவும் இயக்குநராகவும் இருந்து நிறுவனம் தொடங்க வழி பிறந்தது. பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. நிறுவனத்திற்கு மலேசியாவுக்குள் பதிவு அலுவலகம் ஒன்று எப்போதும் இருத்தல் வேண்டும். தொடங்கிய 30 நாட்களுக்குள் நிறுவனச் செயலாளர் ஒருவரையும் நியமித்தாக வேண்டும். பெரும்பாலோர் செயலாளரின் அலுவலகத்தையே பதிவு அலுவலகமாக வைத்துக் கொள்கின்றனர். இங்கு முகவர் தேவைதான். ஆனால் வழியில் கண்ட எவரும் அப்பொறுப்பை ஏற்க இயலாது. சட்டம் அங்கீகரித்த கணக்காளர், வழக்கறிஞர், செயலாளர் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினராகவோ, ஆணையத்தின் உரிமம் பெற்றவராகவோ அவர் இருக்க வேண்டும். 2019 மார்ச் 15 முதல், ஆணையத்தில் பதிந்து தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். அச்சான்றிதழைக் காட்டுமாறு கேளுங்கள். அதன் எண்ணையும் காலாவதி நாளையும் குறித்துக் கொண்டு, ஆணையத்தில் சரிபார்த்துக் கொள்ளலாம். நேர்மையான செயலாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மாதக் கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்த்துச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆண்டு அறிக்கையை நிறுவனம் தொடங்கிய நாளின் நிறைவிலிருந்து 30 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, கடிதம் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி ஏறுமா, விலக நேர்ந்தால் ஏடுகளை எவ்வாறு ஒப்படைப்பார் என்பனவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள். பழைய பாக்கி தீரவில்லை என்னும் காரணத்தால் ஏடுகள் கைமாறுவதில் தகராறு எழுவதுண்டு. செயலாளர் பதவி 30 நாட்களுக்கு மேல் காலியாக இருக்கவும் சட்டம் இடந்தராது. உண்மையில், நாள் ஒன்றுக்குச் சில நூறு வெள்ளி விற்கும் கடைக்கு இத்தனை செலவுள்ள நிறுவனம் எதற்கு என்பதையும் சிந்திக்க வேண்டும். தனி உரிமையாளர் பதிவே அதற்குப் போதும் என்பது நமது கருத்து.

மற்றொன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். ‘ஒரு கையொப்பம் போதும், ஆயிரம் வெள்ளி தருகிறேன், உங்கள் பெயரை இயக்குநராகவோ கூட்டாளியாகவோ போட்டுக் கொள்கிறேன்’ என்று தோட்டப்புறங்களுக்கு வருவோர் உண்டு. 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, வணிகத்தின் கடனுக்குக் கூட்டாளிகள் அனைவரும் பொறுப்பாளிகள். கடன் கொடுத்தவர் நம் வீட்டு வாசலுக்கும் வரலாம். நிறுவனத்திலோ, தொழிலாளரின் சேமநிதிச் சந்தா செலுத்தப்படாது போனால், 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் இயக்குநர்களையும் அத்தொகைக்குப் பொறுப்பாக்குகிறது. காலமெல்லாம் பால் மரம் வெட்டிச் சேமநிதி சேர்த்த ஒருவர், தாம் கண்ணால் காணாத நிறுவனத்தின் தொழிலாளருக்குச் சேமநிதி பாக்கி வைத்தவராக நீதிமன்றத்தில் நிற்க நேரிடலாம். அத்தகைய தாளில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருப்போர், அடையாள அட்டையுடன் ஆணையத்தின் கிளைக்குச் சென்று தம் பெயர் எங்கெங்கே பதிவாகியுள்ளது என விசாரிக்கலாம். வணிகப் பதிவு விவர அச்சுப்படி ஒன்று 10 வெள்ளிக்குக் கிடைக்கும்.

வணிகம் சரிவர நடக்காமல் கடையை மூடியோர் பதிவை அப்படியே விட்டுவிடலாகாது. மூடிய 30 நாட்களுக்குள் ‘பாரம் சி’ கொடுத்துப் பதிவை முடித்துக் கொள்ள வேண்டும். இதற்கும் முகவர் தேவையில்லை. அடையாள அட்டையையும் பதிவுச் சான்றிதழையும் எடுத்துச் சென்றால் முகப்பிலேயே முடித்துத் தருவர்.