ஊர் கூடினால் தெருவும் திருந்தும்!

தஞ்சைப் பெரிய கோவில் தேர் சுமார் 100 ஆண்டுகள் ஓடவில்லை. புதுத் தேர் செய்து, 2015-ம் ஆண்டு ராஜ வீதிகளில் இழுத்தார்கள். ஊரே வடம் பிடித்தது. தேர் நகர்ந்தது!

கடைத்தெருவைத் திருத்துவதும் அப்படித்தான்.

சென்னை பாண்டி பஜாரைப் பாருங்கள். ஒரு காலத்தில் நடைபாதை முழுவதும் கடைகள். ஜனங்கள் கார்களுக்கு நடுவே நடந்தார்கள்.

2013-ம் ஆண்டு அந்தச் சிறு வியாபாரிகளை மாடிக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பிறகு, தெருவை நடப்பவர்களுக்கு வசதியாக மாற்ற மாநகராட்சி திட்டமிட்டது. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமோ என்று கடைக்காரர்கள் பயந்தார்கள்.

ஆகவே முதலில் ஒத்திகை! சில நாட்கள் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பிறகே கல் பதித்தார்கள். 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. உட்காரப் பலகைகளும் வந்தன.

ஒரு குறை உண்டு. மாடிக்குப் போன வியாபாரிகள், படியேறி வாங்க ஆள் வரவில்லை என்று வருந்தினார்கள். நடைபாதை வியாபாரம் நடப்பவரை நம்பியதல்லவா?

நாளை தஞ்சைக் கீழ ராஜ வீதியைத் திருத்துவதானால், ஓரத்தில் பூ விற்கும் அம்மாளையும் கேட்கவேண்டும். வடம் பிடித்த கைகளில் அந்தக் கையும் ஒன்றுதானே!