இன்ஜினுக்குப் பணம் வரும், வடிகாலுக்கு வராது

பழைய நீராவி ரயிலைக் காப்பாற்ற நிதி திரட்டுகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் சங்கதி ஒன்று உண்டு. கொதிகலன் போய்விட்டது, இன்ஜின் நின்றுவிட்டது என்று சொன்னால் பணம் வரும். தண்டவாளத்தை ஒட்டி ஓடும் வடிகால் தூர்ந்துவிட்டது என்று சொன்னால் அனுதாபம் மட்டும் வரும். ஆனால் வடிகால் அடைத்தால் ஜல்லியில் தண்ணீர் நிற்கும், கட்டை மக்கும், பாதை அமிழும். அதற்குப் பிறகு இன்ஜின் எவ்வளவு பளபளத்தாலும் ஷெட்டை விட்டு நகராது.

பிரிட்டனில் தன்னார்வலர்களை நம்பி ஓடும் பாரம்பரிய ரயில் பாதைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில், டௌவின் என்ற சிற்றூரில் தொடங்கும் டாலிலின் ரயில்வே. சம்பளம் வாங்காத வெளியூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பொது ரயிலை ஓட்ட முடியும் என்று உலகத்துக்கு முதலில் காட்டியது இதுதான். அதன் வரவு செலவைப் புரிந்துகொண்டால் மற்றவற்றின் கதையும் ஏறக்குறையப் புரிந்துவிடும்.

பாதையின் நீளம் ஏழேகால் மைல், சுமார் 11.7 கிலோமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டேகால் அடிதான். பிரின் எக்லுயிஸ் குவாரியில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கீழே கொண்டுவருவதற்காக 1865-ல் போட்ட பாதை இது. பயணிகளையும் ஏற்றலாமா என்று பார்க்க வந்த அரசு ஆய்வாளர் கேப்டன் டைலர், பெட்டிக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை என்று கண்டுபிடித்தார். பாலங்களை இடித்துக் கட்டவில்லை. பாலத்தடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். மறுபக்கம் இடைவெளி இருக்கும், ஆள் இறங்கி ஓட வழி இருக்கும். நெருக்கமான பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். இன்றைக்கும் இந்த ரயிலில் ஒரு பக்கம்தான் ஏறி இறங்க முடியும். ஒரு கட்டுமானத் தவற்றை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாகப் பாதுகாப்பதும் பாரம்பரியம் காப்பதில் சேர்த்திதான்.

1911-ல் குவாரியையும் ரயிலையும் வாங்கியவர் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். 1946-ல் குவாரி மூடப்பட்டது. 1948-ல் பிரிட்டன் தன் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கியபோது அந்தப் பட்டியலில் இந்தக் குட்டி ரயில் இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லியிருந்த ஜோன்ஸ், நஷ்டத்தைக் கைக்காசில் தாங்கி ஓட்டினார். 1950 ஜூலையில் அவர் இறந்தார்.

அந்த அக்டோபர் 11-ஆம் தேதி பர்மிங்காமின் இம்பீரியல் ஹோட்டலில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர்களில் முக்கியமானவர் எல்.டி.சி. ரோல்ட், கால்வாய்ப் படகுகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய எழுத்தாளர். அங்கே தோன்றிய பாதுகாப்புச் சங்கம் 1951 மே 14 அன்று முதல் வண்டியை விட்டது. அவர்கள் கைக்கு வந்த சொத்தோ பரிதாபமானது. 1860-களில் செய்த இரண்டே இன்ஜின்கள், அதிலும் ஓடும் நிலையில் இருந்தது டோல்காக் ஒன்றுதான். கட்டைகள் மக்கிப்போன பாதையில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததே புல்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நல்ல காலமாக, அதே இரண்டேகால் அடி அகலத்தில் ஓடிய பக்கத்துக் காரிஸ் பாதை 1948-ல் மூடப்பட்டிருந்தது. அதன் இரண்டு இன்ஜின்களையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த முதல் வருஷங்களின் அனுபவத்தை ரோல்ட் 1953-ல் புத்தகமாக எழுதினார். ஊர்க்காரர்களே ரயில் ஓட்டும் கதையாக அதே ஆண்டு வெளிவந்த ‘டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்’ என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்துக்கும் இந்த ரயிலே தூண்டுதல்.

தன்னார்வலராக வந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் பாதிரியார் ஆட்ரி, குழந்தைகள் கொண்டாடும் தாமஸ் இன்ஜினைப் படைத்தவர். 1952-ல் இங்கே கார்டு வேலை பார்த்தவர், ஒரு முறை பச்சைக்கொடி காட்டும் அவசரத்தில் சிற்றுண்டி விற்கும் அம்மாளைப் பிளாட்ஃபாரத்திலேயே விட்டுவிட்டார். அந்தப் பிழை பிற்பாடு அவருடைய கதை ஒன்றாகிவிட்டது. டாலிலினையே அவர் ஸ்கார்லோயி ரயில்வே என்று தன் கதையுலகத்துக்குள் கொண்டுபோனார். அவருடைய எழுத்தறை, டௌவின் வார்ஃப் ஸ்டேஷனில் இருக்கும் குறுகிய பாதை ரயில் அருங்காட்சியகத்தில் அப்படியே மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது. டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவடிப்பு ஆலை கொடுத்த குட்டி இன்ஜினோடு 1950-களில் தொடங்கிய அருங்காட்சியகம் அது. இப்போதுள்ள கட்டடம் 2005-ல் திறக்கப்பட்டது.

இனி வேலைக்கு வருவோம். நீராவி ரயிலில் தொண்டு என்றதும் டிரைவர் தொப்பியோடு விசில் கொடுப்பதுதான் பலர் மனத்தில் வரும். அந்த இடத்துக்குப் போகப் பல வருஷம் ஆகும். முதல் படி கிளீனர், அடுத்து ஃபயர்மேன், அதற்கு அப்புறம்தான் டிரைவர். ஒவ்வொரு படியிலும் விதிமுறைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, மூத்தவர் பக்கத்தில் நின்று கற்கும் காலம் எல்லாம் உண்டு. சம்பளம் இல்லை என்பதற்காகப் பாதுகாப்புச் சட்டம் யாருக்கும் சலுகை தருவதில்லை.

முதல் வண்டிக்குப் பல மணி நேரம் முன்னாலேயே கிளீனர் ஷெட்டுக்கு வந்துவிடுவார். நெருப்புப் பெட்டியைத் தொடுவதற்கு முன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அது வெளியே தெரியும்படி தண்ணீர் இறங்கிய நிலையில் நெருப்பு எரிந்தால் தகடு சிவந்து இளகி, கொதிகலனே வெடிக்கும் நிலை வரும். அதற்குக் கடைசிக் காப்பாகத் தகட்டில் ஈயம் வைத்த திருகு ஒன்று இருக்கும். சூடு மீறினால் ஈயம் உருகி, நீராவி பீறிட்டு நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். தண்ணீர் சரி என்றானதும் நேற்றைய சாம்பலைச் சுரண்டி எடுக்க வேண்டும், முன்பக்கப் புகைப்பெட்டியில் சேர்ந்த கரித்தூளை மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டும். எண்ணெய்த் துணி, விறகு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் இரும்பு ஓரிடத்தில் அதிகம் விரிந்து, இணைப்புகள் கசிய ஆரம்பிக்கும். அழுத்தமானியின் முள் அசையும்வரை துடைப்பும் எண்ணெய் விடுதலும் ஓடும். இவ்வளவும் முடித்து உடம்பெல்லாம் கரியோடு நிற்பவர், வார நாட்களில் கணக்குத் தணிக்கை பார்ப்பவராக இருக்கலாம்.

இன்ஜின் பக்கம் போகாதவர்களே அதிகம். டிக்கெட் கொடுப்பவர், தேநீர்க் கடை நடத்துபவர், புதர் வெட்டுபவர், பாயிண்ட் மாற்றும் சிறு கேபினில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர். ஒற்றைப் பாதை என்பதால் அந்த டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அருங்காட்சியகத்திலோ பழைய டிக்கெட்டுகளையும் வரைபடங்களையும் வரிசைப்படுத்திப் பதிவேட்டில் ஏற்றும் பொறுமைசாலிகள் வேண்டும். என் கணக்கில் மிகக் குறைவாகப் பாராட்டப்படுபவர்கள் இவர்கள்தான். மழையில் நின்று கட்டை மாற்றுபவரையாவது யாரேனும் படம் பிடிக்கிறார்கள்.

இந்த உழைப்பு இலவசம் என்று நினைப்பது தப்பு. பயிற்சி, பாதுகாப்புக் காலணி, காப்பீடு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. நாள்தோறும் பொறுப்பேற்கச் சம்பளம் வாங்கும் சிறு ஊழியர் குழுவும் தேவை. தன்னார்வலரின் வேகமும் வேறு. அயர்லாந்தின் கரிமண் நிலத்தில் ஓடுவதற்காக 1949-ல் செய்த இன்ஜின் ஒன்று 1969-ல் டாலிலினுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்து, மாற்றி, புதிதாகக் கட்டி முடித்தது 1991-ல். இடையில் ரோல்ட் காலமாகிவிட்டதால் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதே வேல்ஸில் ஃபெஸ்டினியாக் ரயில்வேயின் பழைய பாதையை மின் நிலைய நீர்த்தேக்கம் விழுங்கியபோது, தன்னார்வலர்கள் 1965-ல் மண்வெட்டி பிடித்து மலைச்சரிவில் மாற்றுப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி அடுத்த ஊரை எட்ட 1978 ஆயிற்று.

பணத்துக்கு வருவோம். டிக்கெட் வசூல் அன்றாட ஓட்டத்துக்கு உதவும், பெரிய செலவுக்குப் போதாது. கொதிகலனை ஆண்டுதோறும் ஆய்வாளர் பார்த்தாக வேண்டும். சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் கழற்றிச் சோதிக்க வேண்டும். கழற்றினால்தான் உள்ளே என்ன அரித்திருக்கிறது என்று தெரியும். மதிப்பீடு போட்டபடி எந்த வேலையும் முடிவதில்லை.

சங்கத்தின் உறுப்பினர் சந்தா, மாதம் ஒரு சிறு தொகை தரும் நெடுநாள் நன்கொடையாளர்கள், உயிலில் எழுதி வைக்கப்படும் தொகை ஆகியவைதான் முதுகெலும்பு. பெயர் சூட்டும் உரிமையும் ஒரு பழைய வழி. ராணுவ விமானத் தளம் ஒன்றில் ஓடிய இன்ஜினை 1953-ல் ஏபல்சன் நிறுவனம் நன்கொடையாகத் தந்தது. அதற்கு நன்கொடையாளரின் பெயரான டக்ளஸ் என்பதையே சூட்டினார்கள். அரசும் ஒரு வழியில் கை கொடுக்கிறது. நம் ஊரில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கொடுத்தவருக்குப் போகும். பிரிட்டனின் ‘கிஃப்ட் எய்டு’ திட்டத்தில் சலுகை அறக்கட்டளைக்கே போகிறது. வரி கட்டுபவர் 100 பவுண்டு தந்தால் அறக்கட்டளை அரசிடம் இன்னும் 25 பவுண்டு கேட்டு வாங்கலாம். அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்துக்கும் இது செல்லும். 10 பவுண்டு டிக்கெட்டுக்குப் பார்வையாளர் மனமுவந்து 11 பவுண்டு கொடுத்தால், அந்த 11 பவுண்டு முழுவதும் நன்கொடையாகவே கருதப்பட்டு 2.75 பவுண்டு கூடுதலாக வரும். டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் இதை நாலு வார்த்தையில் விளக்கத் தெரிந்தவராக இருந்தால் வருஷக் கணக்கில் அது பெரிய தொகை.

தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதி பெரிய திட்டங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் கேட்கும் அமைப்பும் தன் பங்கைக் காட்ட வேண்டும். தன்னார்வலர்கள் செலவிடும் நாட்களையும் பண மதிப்பாகக் கணக்கிட்டு அந்தப் பங்கில் சேர்த்துக்காட்டலாம் என்பது பலருக்குத் தெரியாத நுணுக்கம். புதர் வெட்டியவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறந்தால் மானியத்தில் அந்த அளவுக்கு ஓட்டை.

தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த இன்ஜினுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தைச் சட்டப்படி அந்த இன்ஜினுக்குத்தான் செலவிட முடியும். ஆகவே ஒரு ரயில்வேயின் வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் இருந்தும் கழிப்பறைக் கூரை ஒழுகலாம். கெட்டிக்காரச் சங்கங்கள் ஒரு கட்டைக்கு, ஒரு கஜம் தண்டவாளத்துக்கு என்று பாதையையே துண்டு போட்டு நன்கொடை கேட்கின்றன. இன்னும் நேர்மையான வழி, எதற்கு வேண்டுமானாலும் செலவிடுங்கள் என்ற பொது நிதியை வெட்கப்படாமல் கேட்பது. சுவாரஸ்யமில்லாத வேண்டுகோள்தான். என்றாலும் வடிகாலைத் தூர்வார வேறு பணம் கிடையாது.

நம் ஊட்டி மலை ரயில் வேறு ஜாதி. அது மீட்டர் கேஜ், 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. நடத்துவது தெற்கு ரயில்வே, ஓட்டுவது சம்பள ஊழியர்கள். புது நீராவி இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையே செய்து தருகிறது. அந்த வசதி டாலிலினுக்கு இல்லை. ஆனால் ரயிலை நேசிக்கும் ஒரு கோவைக்காரர் விடுமுறையில் போய் ஊட்டி ரயிலில் எண்ணெய் விட்டுப் பழகவும் வழி இல்லை. 2021-ல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்போடு சேர்ந்து டாலிலினும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே எண்ணெய்க் குப்பியைப் பிடித்திருப்பவர் இன்றும் தன்னார்வலர்தான்.

அடுத்த தலைமுறை வருமா என்பதுதான் இப்போதைய கவலை. இதில் விசித்திரமான சட்டச் சிக்கல் ஒன்று எழுந்தது. தொழிற்சாலைகளில் குழந்தைகளைச் சுரண்டுவதைத் தடுக்க 1920-ல் கொண்டுவந்த சட்டம், தொழில் நிறுவனம் என்பதற்கான விளக்கத்தில் ரயில் போக்குவரத்தையும் சேர்த்திருந்தது. அதன்படி பார்த்தால் 15 வயதுப் பையன் சம்பளமின்றி ஆசையாக வந்து பித்தளையைத் துடைப்பதுகூடக் குற்றமாகலாம் என்று சட்ட ஆலோசனை வந்தது. நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு 2018-ல் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. பதினைந்து வயதில் வராதவர் இருபத்தைந்தில் வருவது அபூர்வம். அந்த வயதில் வேறு ஆசைகள் வந்துவிடும்.

இன்னொன்று கரி. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் பலவற்றுக்குக் கரி தந்துகொண்டிருந்தது தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம். 2023 நவம்பரில் அது மூடப்பட்டது. இப்போது கப்பலில் வரும் கரியை வாங்க வேண்டும், அல்லது கரித்தூளோடு பிற பொருட்களைக் கலந்து முட்டை வடிவில் அழுத்திச் செய்த எரிபொருளைப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் வேல்ஸ் கரி போல எரிவதில்லை. எவ்வளவு கனமாகப் பரப்புவது, காற்றை எப்போது திறப்பது என்று முப்பது வருஷம் அடுப்பெரித்த ஃபயர்மேன்களும் மறுபடி பழக வேண்டியிருக்கிறது. கரிக்கான செலவும் சேர்ந்து பொது நிதியின் தலையில்தான் விழுகிறது.