வயதின் மறதியா, மறதிநோயா?

பக்கத்துத் தெருக்காரர் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வாயில் வரவில்லை. "மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாரே" என்று யாராவது அடியெடுத்துக் கொடுத்தால் சட்டென்று வந்துவிடும். அறுபதைத் தாண்டினால் இது சகஜம். எடுத்துக் கொடுக்க மூளைக்கு நேரம் பிடிக்கிறது; விஷயம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது.

டிமென்ஷியா என்கிற மறதிநோயில், குறிப்பாக அதிகம் காணப்படும் அல்சைமர் வகையில், புதியவற்றைப் பதித்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பழுதாகிறது. காலையில் மகள் வந்து சாப்பிட்டுப் போனதை மாலையில் எவ்வளவு நினைவூட்டினாலும் "அவள் எங்கே வந்தாள்?" என்பார். பதிந்திருந்தால்தானே திரும்ப வரும்! அதே மனிதர் 1970இல் நடந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். அதைக் கேட்டுத்தான் வீட்டில் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

ஞாபகத்தைவிட, பழகிய வேலையைக் கவனிப்பது நல்லது. ரசத்தில் உப்புப் போட மறப்பது யாருக்கும் நேரும். காலமெல்லாம் ரசம் வைத்தவர், புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் யோசிக்க வேண்டும். பால் கணக்குப் பார்க்கத் திணறுவது, தினமும் போகும் கோயிலிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி மறுபடி கேட்பது, மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு வேலைக்கார அம்மா திருடிவிட்டாள் என்று சண்டை போடுவது எல்லாம் இந்த வகைதான். சிலருக்கு மறதிக்கு முன்பே குணம் மாறும்.

நம் வீடுகளில் இது வெளியே தெரியத் தாமதமாகும். சமையலை மருமகளும் பேங்க் வேலையை மகனும் பார்த்துக்கொண்டால், பெரியவருக்கு எது முடியவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. துணை இறந்த பிறகோ வீடு மாறிய பிறகோதான் திடீரென்று வந்ததுபோலத் தெரியும்.

நிஜமாகவே ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் சங்கதி வேறு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு போன்றவை காரணமாகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்து சில வாரம் கழித்துத் தடுமாற்றம் தொடங்கினால், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

சிகிச்சையால் சரியாகக்கூடிய மறதியும் உண்டு. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றால் வருவது அது. சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அதனால் ரத்தப் பரிசோதனைக்கு முன் "வயசானா அப்படித்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் ஒன்று வரையச் சொல்லிவிட்டு, அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்பார். கூடவே இருப்பவர் ஒருவர் துணைக்குப் போவது அவசியம். நோயாளி பெரும்பாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வார். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் கொண்டுபோங்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு குறைகளை அடுக்க வேண்டியிருக்காது.