காத்திருந்த வாசகரும் கைக்கு வந்த நூலும்

பல்லாண்டு காத்திருப்புக்குப் பிறகு வெளிவரும் ஒரு திகில் புதினத்தின் அடுத்த பாகம், வெளியான சில நாள்களிலேயே வாசகர்களை இரு அணிகளாகப் பிரித்துவிடுவது வழக்கம். ஓர் அணி அதைக் கொண்டாடுகிறது. மற்றோர் அணி ஏமாற்றப்பட்டதாகக் கொதிக்கிறது. இரு அணியினரும் படித்தது ஒரே நூலைத்தான். அதைவிட வியப்பானது, முதல் பாகத்தை ஒருமித்துப் போற்றியவர்களே இருதரப்பிலும் நிற்கின்றனர் என்பது.

ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால், ரசனைதான் காரணம் என்றால் அவர்கள் முதல் பாகத்திலேயே பிரிந்திருக்க வேண்டும். அங்கு ஒன்றுபட்டவர்கள் இங்கு ஏன் பிரிகிறார்கள் என்பதற்குத்தான் விளக்கம் தேவை. அதற்கு ஏற்ற சான்று, அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸ் எழுதிய 'ஹானிபல்'.

ஹாரிஸ் 1981-இல் 'ரெட் டிராகன்' என்ற புதினத்தில் ஹானிபல் லெக்டர் என்ற பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார். கூர்ந்த அறிவும் நயத்தக்க நாகரிகமும் கொண்ட மனநல மருத்துவர். அதேசமயம், கொன்றவர்களை உண்ணும் கொடூரர். 1988-இல் வெளியான 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' என்ற அடுத்த புதினத்தில், எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங், தொடர் கொலைகாரன் ஒருவனைப் பிடிப்பதற்காகச் சிறைப்பட்ட லெக்டரின் உதவியை நாடுகிறார். 1991-இல் ஜோனதன் டெமி இயக்கத்தில் அது திரைப்படமாகி, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. அதற்கு முன்பு அந்தச் சாதனையைப் புரிந்தவை இரண்டே படங்கள்.

இதன் பிறகு ஹாரிஸ் எழுதிய அடுத்த புதினம் வெளிவர 1999 ஜூன் ஆனது. பதினோரு ஆண்டு இடைவெளி. நேர்காணல்களைத் தவிர்க்கும் இயல்பினரான ஹாரிஸ், என்ன எழுதுகிறார் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நூல் வெளிவந்ததும் எழுத்துலகமே இரண்டுபட்டது. திகில் கதை மன்னரான ஸ்டீபன் கிங் அதை வானளாவப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ் அதைக் கடுமையாகச் சாடினார். வாசகர்களும் அவ்வாறே பிரிந்தனர். பிளவின் மையம், நூலின் முடிவு.

அந்த முடிவைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது. லெக்டர் தப்பியோடி ஏழாண்டுகள் கழிந்தபின் கதை தொடங்குகிறது. கடமை தவறாத அதிகாரியான ஸ்டார்லிங்கை, போதைப்பொருள் சோதனை ஒன்றில் நேர்ந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அவருடைய துறையே பலிகொடுக்கத் துணிகிறது. லெக்டரால் முகம் சிதைந்த பெருஞ்செல்வர் ஒருவர், அவரைப் பன்றிகளுக்கு இரையாக்கிப் பழிதீர்க்கத் திட்டமிடுகிறார். அந்தப் பிடியிலிருந்து லெக்டரை விடுவிக்கிறார் ஸ்டார்லிங். பின்னர் லெக்டர் அவரை மருந்துகளாலும் மனவசியத்தாலும் தன் ஆளுகைக்குள் கொண்டுவருகிறார். இறுதியில் இருவரும் காதல் இணையாகப் பியூனஸ் அயர்ஸ் நகரில் வாழ்கின்றனர்.

இந்த முடிவு ஒருசாராரைக் கொதிப்படைய வைத்தது. மறுசாராரை மெய்சிலிர்க்க வைத்தது. ஏன் என்று அறிய, பொருளாதாரம் பயன்படுத்தும் சில கருத்துகள் துணைபுரியும்.

முதலாவது, 'அனுபவப் பண்டம்'. 1970-இல் பிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் பண்டங்களை இருவகையாகப் பிரித்தார். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால், சில பண்டங்களின் தரத்தைப் பயன்படுத்திய பிறகே அறிய முடியும். நூல் இரண்டாவது வகை. அதிலும் திகில் புதினம் தனி வகை; முடிவை முன்கூட்டியே அறிந்துகொண்டால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். எனவே, வாங்குபவருக்கு ஒரே பிணை, அதே எழுத்தாளரின் முந்தைய நூல்தான். அடுத்த பாகத்தை விலைகொடுத்து வாங்குபவர் உண்மையில் முதல் பாகத்தின் வாக்குறுதியைத்தான் வாங்குகிறார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' தந்த வாக்குறுதி ஒன்றன்று, இரண்டு. எள்ளை ஆட்டினால் எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்ந்தே கிடைப்பதைப் போல, அந்த நூலில் இரண்டு கதைகள் சேர்ந்தே விளைந்தன. ஒன்று, ஆண்கள் கோலோச்சும் துறையில் தன் உழைப்பாலும் துணிவாலும் தலைநிமிர்ந்த ஓர் ஏழைப் பெண்ணின் கதை. மற்றொன்று, கம்பிகளுக்குப் பின்னால் இருந்துகொண்டே மற்றவர்களின் மனத்தை ஊடுருவும் தீமையின் வசீகரக் கதை. இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறாக இல்லாததால், வாசகர்கள் தாங்கள் இரண்டு வகையினர் என்பதை அறியாமலேயே ஒன்றாக நின்று கைதட்டினர்.

பதினோரு ஆண்டு காத்திருப்பில் இந்த இரு வகையினரும் தத்தம் மனத்தில் அடுத்த பாகத்தை எழுதிக் கொண்டிருந்தனர். ஸ்டார்லிங்கை நேசித்தவர்கள், அவர் லெக்டரை வெல்லும் நாளுக்காகக் காத்திருந்தனர். லெக்டரால் கவரப்பட்டவர்கள், கூண்டை விட்டு வெளியேறிய அந்த மனிதர் என்ன செய்வார் என்று அறியக் காத்திருந்தனர். அடுத்த பாகத்தில் இருவரையும் மீண்டும் சந்திக்க வைத்தபோது, ஹாரிஸால் ஒரு வாக்குறுதியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. அவர் லெக்டரைத் தேர்ந்தெடுத்தார். 'ஹானிபல்' என்ற தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கருத்து, 'ஒப்பீட்டுப் புள்ளி'. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான்: மனிதர்கள் தங்களுக்குக் கிடைத்ததை அதன் தனி மதிப்பால் அளப்பதில்லை, மனத்தில் வைத்திருக்கும் ஒரு புள்ளியோடு ஒப்பிட்டே அளக்கின்றனர். அதற்கு மேல் கிடைத்தால் ஆதாயம். கீழே போனால் இழப்பு. சம அளவிலான ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரியது.

முன்பின் அறியாத எழுத்தாளரின் நூல் சுமாராக இருந்தால், வாசகர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுவார். ஆனால், பதினோரு ஆண்டுகள் மனத்தில் சுமந்த ஒரு பாத்திரம் தாம் விரும்பாத திசையில் போனால், அதைத் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட பொருளாகவே கருதுகிறார். காத்திருப்பு நீள நீள ஒப்பீட்டுப் புள்ளி உயர்ந்துகொண்டே போகிறது. நூல் மாறுவதில்லை, அதை அளக்கும் கோல்தான் வளர்கிறது.

மூன்றாவது, அச்சம் என்ற உணர்வின் இயல்பு. பழகப் பழக அது குறையும். இரண்டு மணி நேரம் ஓடும் 1991-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், லெக்டராக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் தோன்றுவது அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்தப் பற்றாக்குறையே அவருடைய ஆற்றல். 'ஹானிபல்' புதினமோ லெக்டரை நடுநாயகமாக்கி, போர்க்காலத்தில் தன் தங்கையைப் பறிகொடுத்த சிறுவனாகவும் அவரைக் காட்டுகிறது. காரணம் சொல்லப்பட்ட தீமை, நம் இரக்கத்துக்கு உரியதாகிறது. அச்சத்துக்கு உரியதாக இருப்பதில்லை. அந்த ஆழத்தை விரும்பியவர்களும் இருந்தனர். அச்சத்தை இழந்துவிட்டதாக வருந்தியவர்களும் இருந்தனர்.

இவ்வளவும் சொன்னதால், எதிர்ப்பாளர்களின் கோபம் வெறும் மனமயக்கம் என்று கருதிவிடக் கூடாது. அதில் அறம் சார்ந்த கேள்வி ஒன்றும் இருந்தது. ஸ்டார்லிங், பல பெண் வாசகர்களுக்கு ஒரு புனைவுப் பாத்திரத்துக்கும் மேலானவர். அத்தகைய ஒருவர் தன் தெளிந்த மனத்தால் தேர்ந்தெடுத்த வாழ்வாக அந்த முடிவு அமையவில்லை. மருந்தும் மனவசியமும் அதில் பங்கு வகிக்கின்றன. ஒப்புதல் என்று எதைச் சொல்வது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பியது முற்றிலும் நியாயம்.

மறுதரப்பின் வாதமும் வலுவற்றதன்று. ஸ்டார்லிங்கை முதலில் கைவிட்டது லெக்டர் அல்லர். அவர் நம்பிய நிறுவனம். நேர்மையான ஊழியரைத் தன் தவறுகளுக்குப் பலியாக்கும் நிறுவனத்துக்கும் மனிதரை உண்ணும் மருத்துவருக்கும் என்ன வேறுபாடு என்று ஹாரிஸ் கேட்கிறார் என்பது அவர்களின் வாசிப்பு. இனிப்பான முடிவை எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

இந்த விவாதத்தின் அடுத்த கட்டம் திரையுலகில் நிகழ்ந்தது. முதல் படத்தை இயக்கிய டெமியும் ஸ்டார்லிங்காக நடித்த ஜோடி ஃபாஸ்டரும் இரண்டாவது படத்தில் பங்கேற்கவில்லை. ரிட்லி ஸ்காட் இயக்க, ஜூலியன் மூர் நடித்து 2001-இல் வெளியான படத்தில் முடிவு மாற்றப்பட்டது. அதில் ஸ்டார்லிங் லெக்டருக்கு இணங்குவதில்லை. தன் கையோடு அவர் கையைச் சேர்த்து விலங்கிடுகிறார். லெக்டர் தன் கையையே வெட்டிக்கொண்டு தனியாகத் தப்புகிறார். உலகெங்கும் 35 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது அந்தப் படம். ஆனால், விமர்சகர்களின் மதிப்பீடு கலவையாகவே இருந்தது. முடிவைத் திருத்தியதால் கோபம் தணிந்ததே தவிர, முதல் படத்தின் பெருமை திரும்பி வரவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தது இன்னும் பாடம் புகட்டக் கூடியது. லெக்டர் பாத்திரத்தின் திரைப்பட உரிமை தயாரிப்பாளர் தினோ டி லாரன்டிஸிடம் இருந்தது. லெக்டரின் இளமைக் கதையை ஹாரிஸ் எழுத முன்வராவிட்டால் வேறொருவரைக் கொண்டு எடுப்பேன் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். 2006-இல் ஹாரிஸ் 'ஹானிபல் ரைசிங்' புதினத்தை எழுதினார். அடுத்த ஆண்டே அது படமாக வந்தது. அதை முன்னிட்டு முந்தைய நூலுக்கு எழுந்ததைப் போன்ற போராட்டம் எதுவும் நிகழவில்லை. விமர்சகர்கள் பெரும்பாலும் படத்தை ஒதுக்கித் தள்ளினர். ஒரு படைப்புக்கு நேரக்கூடிய உண்மையான தோல்வி, அதைப் பற்றிச் சண்டையிட ஆளில்லாமல் போவதுதான்.

எழுத்தாளரை வாசகர் நெருக்குவது புதிதன்று. ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தி முடித்தபோது கண்டனக் கடிதங்கள் குவிந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1903-இல் ஹோம்ஸை உயிர்ப்பித்தார் டாயில். அன்று வாசகரின் கோபம் எழுத்தாளரைச் சென்றடையக் கடிதம் வேண்டியிருந்தது. இன்றோ நூல் வெளியான அன்றே இணைய விற்பனைத் தளங்களில் நட்சத்திரங்கள் விழுகின்றன. பதிப்பாளர் அந்த எண்ணைப் பார்த்தே அடுத்த நூலைப் பற்றி முடிவெடுக்கும் நிலை உருவாகிறது.

அந்த எண் எதைச் சொல்கிறது? நூறு பேரில் ஐம்பது பேர் ஐந்து நட்சத்திரமும் ஐம்பது பேர் ஒரு நட்சத்திரமும் அளித்தால் சராசரி மூன்று. அந்த மூன்று, நூறு பேரில் ஒருவருடைய கருத்தும் அன்று. மேலும், பெரிதும் மகிழ்ந்தவரும் பெரிதும் வெகுண்டவருமே கருத்துச் சொல்ல முன்வருகின்றனர். இடைப்பட்டவர்கள் நூலை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். புள்ளியியல் பயிலும் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த இந்த உண்மையைச் சந்தை மறந்துவிடுகிறது.

மறப்பதன் விலையைச் செலுத்தப்போவது வாசகர்தான். பிளவுக்கு அஞ்சும் பதிப்பாளர், இரு வாக்குறுதிகளையும் பாதி பாதி காப்பாற்றும் நூலையே விரும்புவார். அத்தகைய நூல் யாரையும் புண்படுத்தாது. யார் நினைவிலும் நிற்காது.

எனவே, வாசகருக்கும் ஒரு கடமை உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உள்ளது. காசும் காலமும் அவருடையவை. அதோடு, எந்த வாக்குறுதி முறிந்தது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். நூல் தன் தர்க்கத்திலிருந்து தானே வழுவியதா, அல்லது தாம் மனத்தில் எழுதி வைத்திருந்த நூலிலிருந்து விலகியதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னது எழுத்தாளரின் குறை. பின்னது, காத்திருப்பின் விலை. எழுத்தாளர் வாசகருக்குக் கடன்பட்டிருப்பது நேர்மைக்காக, கீழ்ப்படிதலுக்காக அன்று.