முதலில் விழப் பழகு

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டிப் புரளாத நாளே கிடையாது. நாம் ஓடிப்போய் விலக்கிவிடுகிறோம். ஜப்பானியரின் ஜூடோவோ அந்தக் கட்டிப்புரளலிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறது. 1882ல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறு இடத்தில் இதைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு பள்ளி ஆசிரியர். பழைய ஜுஜுத்சுவின் ஆபத்தான உத்திகளைப் பயிற்சிப் போட்டியிலிருந்து விலக்கி, அதைக் கல்வியாக மாற்றினார்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் பிடிகளின் பெயரை ஒப்பிக்கச் சொன்னால் சலித்துப்போகும். அதனால் பயிற்சியாளர்கள் விளையாட்டுக் காட்டுகிறார்கள். இடுப்பில் துணி வாலைச் செருகி, ஒருவர் வாலை மற்றவர் பறிக்க வேண்டும். வாலைக் காப்பாற்ற முழங்காலை மடக்கி, கால் பின்னாமல், எதிராளியைப் பார்த்தபடியே நகர்ந்தாக வேண்டும். ஜூடோ வீரரின் நடை அதுதான்!

இன்னொன்று ஆமை விளையாட்டு. ஒரு பிள்ளை கைகால்களை ஒடுக்கிக் குப்புறப் படுத்துக்கொள்ளும்; இன்னொரு பிள்ளை அதை மல்லாத்த வேண்டும். முதலில் மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்க்கும். ஆமை அசையாது. பிறகு ஆமையின் எதிர்ப்பக்கத்து முழங்கையையும் முழங்காலையும் தன் பக்கம் வாரி இழுத்து, நெஞ்சால் ஓர் அழுத்து அழுத்தும். முட்டுக்கொடுத்த இரண்டும் போனதும் ஆமை புரண்டுவிடும். பலத்தைவிட, எதிராளியின் உடல் எதில் ஊன்றி நிற்கிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பது கைவழியே புரிகிறது.

இதோடு சேர்த்துச் சொல்லித்தருவது 'உகேமி', அதாவது விழும் கலை. சிறு பிள்ளைகளுக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது. மல்லாந்து விழுந்தால் பின்மண்டை அடிபடலாம். எனவே, "விழும்போது உன் பெல்ட் முடிச்சைப் பார்" என்பார்கள். பார்த்தால் தாடை நெஞ்சோடு ஒட்டும், முதுகு வளையும். கையால் பாயை ஓங்கி அறையும்போது அதிர்வு பரவிவிடும். குந்திய நிலையில் பழகிய பிறகே நின்று விழுவது.

பிடியில் சிக்கியவர் 'போதும்' என்று கையால் இரண்டு முறை தட்டினால் அந்தக் கணமே பிடியை விட வேண்டும் என்பது மீறக்கூடாத விதி.

வெற்றி வெறி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கண்டு, தொடக்கப்பள்ளி மாணவருக்கான தேசியத் தனிநபர் போட்டியையே 2022ல் ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு நிறுத்திவிட்டது. உங்கள் பிள்ளையை எந்தத் தற்காப்புக் கலையில் சேர்த்தாலும், பதக்கங்களை எண்ணாதீர்கள். விழவும், தட்டினால் விடவும் அங்கே முதலில் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள்.