சித்திரை வெயிலில் வெண்டைக்காயின் மூச்சு

சென்னையை அடுத்த ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் விடிகாலைதான் வெண்டைக்காய் பறிக்கும் நேரமும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. அதற்கு முன் இவை ஏரிப் பாசன ஊர்கள். மிஞ்சிய நிலங்களில் கோடைக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, சுரை, வெள்ளரி போடுகிறார்கள். அந்தக் காய் அன்றே பக்கத்து அடுப்புக்கு வந்தால் என்ன லாபம்? நாக்கு உடனே சொல்லிவிடும். காரணம் காய்க்குள் இருக்கிறது.

பறித்த காய் செத்துவிடுவதில்லை. ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. செடியிலிருந்து இனி எதுவும் வராது. கையிருப்பைத் தின்றே காலம் தள்ள வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். காய்களிலேயே வேகமாக மூச்சு விடுபவற்றில் வெண்டையும் ஒன்று. மூட்டையாகக் கட்டிச் சித்திரை வெயிலில் வைத்தால் உள்ளே கை வைத்துப் பாருங்கள், சுடும். அது வெயிலின் சூடு மட்டுமல்ல.

சரி, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். வெண்டை, கத்தரி, வெள்ளரி மூன்றும் வெப்பநாட்டுப் பயிர்கள். நாலைந்து டிகிரிக் குளிரில் நாள்கணக்கில் கிடந்தால் அவற்றின் செல் சவ்வுகள் கெடும். தோலில் குழி விழும், கறுக்கும். ஓரிரு நாளுக்குப் பழைய துணியை நனைத்துச் சுற்றி வைப்பதே நல்லது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கைத் துணியின் ஈரம் காயிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

நுனியை ஒடித்துப் பார்த்து வெண்டை வாங்குவது வெறும் பழக்கமல்ல. பூத்து ஐந்தாறு நாளில் காய் பிஞ்சு. இன்னும் சில நாள் போனால் நார். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கும் நம் வழக்கம் செடியின் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது விலைதான் பெரிதாகப் பேசப்பட்டது. விளைவித்தவரே காலையில் கொண்டுவந்து விற்பதால் மிச்சமாகும் நேரமும் அதே அளவு பெரியது என்பேன்.

வெண்டையின் கொழகொழப்பு நீரில் ஊறிப் பெருகும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. கழுவி, துடைத்து, பிறகு நறுக்க வேண்டும். மூடாமல் வதக்கினால் ஈரம் போய்விடும். புளியும் தயிரும் அந்தக் கொழகொழப்பைத் தளர்த்தும். புளிக்குழம்பிலும் மோர்க்குழம்பிலும் வெண்டை பாந்தமாகச் சேர்வது அதனால்தான். கத்தரியை நறுக்கியதும் தண்ணீரில் போடுவது காற்றுபட்டு நொதி கறுக்கவைப்பதைத் தடுக்க. அதில் கொஞ்சம் மோர் ஊற்றினால் இன்னும் நல்லது.

சுரைக்காயில் மட்டும் கவனம் வேண்டும். வெயிலிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் சுரை, வெள்ளரி இனங்களில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருள் கூடலாம். வேகவைத்தாலும் அது போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். கசந்த சுரைச் சாறு குடித்து இந்தியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. நறுக்கியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். காசு போகிறதே என்று பார்க்கக் கூடாது.

விலை விழுந்து கொத்தவரை குவியும் வாரத்தில் வற்றல் போடலாம். உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வெந்ததும் காய்க்குள் நொதிகள் அடங்கும், மூச்சும் நின்றுவிடும். மோரில் ஊறவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டால், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டிய ஈரத்தை நான்கைந்து நாள் வெயில் உறிஞ்சிக்கொள்ளும். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஐப்பசி மழையில் சந்தைக்குப் போக முடியாத இரவில், சூடான எண்ணெயில் போட்டால் அரை நிமிடத்தில் பொரிந்துவிடும்.